நிக்கோடிமஸ்: தரையிலிருந்து புகை வந்த ஊர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு குக்கிராமத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தால், கேட்பவர்கள் கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் கேள்வி கேட்கிறார்கள். முதலில் எங்கே என்பார்கள், பிறகு எத்தனை பேர் என்பார்கள், அப்புறம் "இதெல்லாம் ஒரு ஊரா?" என்பார்கள். ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது.

நிக்கோடிமஸ் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் நடுப்பகுதியில் கான்சஸ் மாநிலம். அதன் வடமேற்கில் கிரஹாம் கவுண்டி. அங்கே சாலமன் ஆற்றின் தென்கிளைக்கு வடக்கே, 24ஆம் எண் நெடுஞ்சாலை ஓரமாக இருக்கிறது நிக்கோடிமஸ். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊரும் அக்கம்பக்கமும் சேர்த்து 14 பேர். எழுத்துப் பிழை இல்லை, பதினான்கேதான். சுற்றிலும் கோதுமை வயலும் மேய்ச்சல் நிலமும். மரம் பார்க்க வேண்டுமானால் ஆற்றங்கரைக்குத்தான் போக வேண்டும்.

பதினான்கு பேர் இருக்கும் ஊருக்கு வரலாறு எதற்கு?

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த பிறகு, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே கறுப்பின மக்கள் தங்களுக்கென்று ஊர்களை உண்டாக்கினார்கள். மறுசீரமைப்புக் காலம் என்று சொல்லப்படும் அந்தச் சில வருடங்களில் அப்படி எழுந்தவற்றில் இன்றும் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். 1976ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். 1996 நவம்பரில் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் தேசிய வரலாற்றுத் தலம் ஆனது. புகழ்பெற்ற யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைப் பராமரிக்கும் அதே துறை இந்தப் பதினான்கு பேர் ஊருக்கும் ஆள் போட்டிருக்கிறது.

நிக்கோடிமஸை "அன்இன்கார்ப்பரேட்டட்" ஊர் என்கிறார்களே, அப்படியென்றால் என்ன? பஞ்சாயத்து இல்லாத ஊரா?

கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் நம் ஊர்க் கணக்கை அப்படியே வைத்துப் பார்த்தால் குழம்பும். தமிழ்நாட்டில் எவ்வளவு சிறிய குக்கிராமமும் ஏதாவது ஓர் ஊராட்சிக்குள் அடங்கும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் போய்ச் சண்டை போட ஒரு தலைவர் இருப்பார். அமெரிக்காவில் ஓர் ஊர் தன்னை "சிட்டி" என்று சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு கம்பெனியைப் பதிவு செய்வது போலத்தான் அது. குடியிருப்பவர்கள் மனுப் போட்டு, அனுமதி வாங்கி, மேயரையும் கவுன்சிலையும் தேர்ந்தெடுப்பார்கள். அதற்குப் பிறகு அந்த ஊர் வரி போடலாம், கடன் வாங்கலாம், வழக்குப் போடலாம்.

அப்படிப் பதிவில்லாத ஊரில் மேயரும் கிடையாது, நகர வரியும் கிடையாது. குற்றம் நடந்தால் கவுண்டி ஷெரீஃப் வருவார். கவுண்டி என்பதைச் சின்ன மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். கிரஹாம் கவுண்டி முழுவதற்குமே சுமார் 2,400 பேர்தான். கவுண்டிக்குக் கீழே டவுன்ஷிப் என்று ஒன்று உண்டு. இந்த ஊர் நிக்கோடிமஸ் டவுன்ஷிப்புக்குள் வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், 1877ல் இந்த ஊரைத் தொடங்கியவர்கள் முதல் வேலையாக ஒரு கம்பெனியைத்தான் பதிவு செய்தார்கள். ஊர்க் கம்பெனிக்குப் பதிவு இருந்தது. இன்று ஊருக்கு இல்லை.

யார் தொடங்கினார்கள்?

1877 ஏப்ரலில் ஏழு பேர் சேர்ந்து "நிக்கோடிமஸ் டவுன் கம்பெனி" என்று ஆரம்பித்தார்கள். ஆறு பேர் கறுப்பினத்தவர், ஒருவர் வெள்ளையர். அந்த வெள்ளையர் டபிள்யூ. ஆர். ஹில், இண்டியானாவிலிருந்து வந்து நிலம் வாங்கி விற்றுக்கொண்டிருந்தவர். இன்றைய பாஷையில் ரியல் எஸ்டேட்காரர். கம்பெனித் தலைவர் டபிள்யூ. எச். ஸ்மித். செயலாளர் சைமன் ரவுண்ட்ரீ, ஒரு போதகர். 160 ஏக்கரை ஊர் மனையாகப் பிரித்து வரைபடம் போட்டார்கள். அந்தக் கோடையில் முதலில் வந்து குடியேறியவர் ரவுண்ட்ரீதான். ஜூலையில் ஸ்மித்தின் மகள் ஜென்னியும் அவர் கணவர் ஜக்கரி ஃபிளெட்சரும் வந்தார்கள். இந்தத் தம்பதியை நினைவில் வையுங்கள், கீழே மறுபடி வருவார்கள்.

ஏன் 1877? ஏன் கென்டக்கியிலிருந்து?

குடியேறியவர்களில் பெரும்பாலோர் கென்டக்கியில் லெக்சிங்டன், ஜார்ஜ்டவுன் பக்கத்து ஆட்கள். உள்நாட்டுப் போரில் கென்டக்கி பிரிந்து போகாமல் ஒன்றியத்தோடு நின்ற மாநிலம். அதனால், பிரிந்து போன மாநிலங்களுக்கென்று 1863ல் லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் அங்கே செல்லுபடியாகவில்லை! அங்கே அடிமையாக இருந்தவர்களுக்கு 1865 டிசம்பரில், 13ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்த பிறகுதான் சட்டப்படி விடுதலை. அப்படியானால் 1877ல் மூட்டை கட்டியவர்களுக்குச் சுதந்திரம் கிடைத்துப் பன்னிரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை.

அந்தப் பன்னிரண்டு வருடத்தில் கிடைத்தது என்ன? பெரும்பாலும் பழைய எஜமானர்களின் நிலத்திலேயே வாரத்துக்கு உழும் பிழைப்பு. 1877ல் தெற்கு மாநிலங்களிலிருந்து மத்திய அரசின் ராணுவம் விலக்கிக்கொள்ளப்பட்டது. மறுசீரமைப்புக் காலம் அத்தோடு முடிந்தது. முகமூடி போட்டுக்கொண்டு ராத்திரியில் குதிரையில் வந்து கறுப்பின மக்களைத் தாக்கும் வெள்ளையர்களைத் தட்டிக் கேட்க ஆள் இல்லை.

இன்னொரு பக்கம் 1862ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம். சிறு பதிவுக் கட்டணம் கட்டி 160 ஏக்கர் அரசு நிலத்தில் ஐந்து வருடம் குடியிருந்து உழுதால் பட்டா உங்கள் பெயருக்கு. கான்சஸ் என்றால் அடிமை முறைக்கு எதிராக ரத்தம் சிந்திய மாநிலம் என்ற நல்ல பெயரும் சேர்ந்துகொண்டது. சொந்த நிலம் என்ற சொல் ஒரு விவசாயக் கூலியின் காதில் எப்படி விழும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

லெக்சிங்டனில் ஒட்டப்பட்ட ஒரு துண்டறிக்கை கிடைத்திருக்கிறது. 1877 செப்டம்பர் 5ஆம் தேதி கான்சஸ் போக விரும்பும் கறுப்பின மக்கள் 5 டாலரில் போகலாம் என்கிறது. குடியேற்றக் குழுவில் சேர 1 டாலர். அதையும் 25 சென்ட் வீதம் தவணையாகக் கட்டலாம். சீட்டு கட்டுவது போல நாலு தவணையில் ஒரு புது வாழ்க்கை. நான் அந்த அறிக்கையில் அதிக நேரம் பார்த்தது அந்த 25 சென்ட்டைத்தான். ஒரு டாலரை மொத்தமாக எடுத்து வைக்க முடியாதவர்கள் அவர்கள் என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

பெயர் பைபிளிலிருந்து வந்ததா?

புதிய ஏற்பாட்டில் இரவில் இயேசுவைப் பார்க்க வரும் நிக்கொதேமு என்ற பரிசேயரின் பெயர்தான் இது. நம் பைபிளில் அவரை அப்படித்தான் எழுதியிருக்கும். ஆனால் ஊர்க்காரர்கள் மனதில் இருந்தவர் வேறு. ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் அடிமையாக விற்கப்பட்ட, வருவதை முன்கூட்டியே சொல்லும் நிக்கோடிமஸ் என்ற கிழவரைப் பற்றி அந்தக் காலத்தில் பிரபலமான ஒரு பாட்டு இருந்தது. கம்பெனியின் விளம்பரத்திலும் அந்தப் பாட்டின் சாயல் உண்டு. எனக்கு இரண்டாவது விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது.

விளம்பரத்தை நம்பி வந்து ஏமாந்தார்களா?

ஆமாம். பூசி மெழுக வேண்டியதில்லை. வளமான மண், நல்ல தண்ணீர், அருமையான ஊர் என்று ஹில்லும் அவர் கூட்டாளிகளும் கென்டக்கிக்கே போய்ச் சொன்னார்கள். 1877 செப்டம்பரில் முன்னூறுக்கும் மேற்பட்டவர்கள் ரயிலேறினார்கள். ரயில் எல்லிஸ் என்ற ஊர் வரைதான். அங்கிருந்து சுமார் 55 கிலோமீட்டர் நடை. வந்து பார்த்தால் ஊர் காகிதத்தில்தான் இருந்தது. ஐம்பது, அறுபது குடும்பங்கள் வந்த கையோடு திரும்பிப் போய்விட்டன. ஹில் மேல் கடுங்கோபம்.

திரும்பிப் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருந்தவர்களை மட்டும் வீரர்கள் என்று சொல்வதும் சரியில்லை. பலர் கையில் திரும்பிப் போகக் காசு இல்லை.

"தரையிலிருந்து புகை" என்பது என்ன கதை?

1878 வசந்த காலத்தில் ஜார்ஜ்டவுனிலிருந்து ஒரு போதகர் தன் சபையோடு வந்தார். பெயர் டேனியல் ஹிக்மன். மனைவி வில்லியானா. எல்லிஸில் ரயிலை விட்டு இறங்கிய இடத்திலேயே தட்டம்மை தொற்றிக்கொண்டு கூட வந்த குழந்தைகள் சில இறந்தன. புதைத்துவிட்டு நடந்தார்கள். பாதை கிடையாது. மான் தடத்தையும் திசைகாட்டியையும் நம்பித்தான் போக வேண்டும். ராத்திரி காட்டு விலங்கு வராமல் இருக்க நெருப்பு மூட்டிக்கொண்டு படுத்தார்கள்.

இரண்டு நாள் நடையின் முடிவில் ஆண்கள் "அதோ நிக்கோடிமஸ்!" என்று கத்தினார்கள். வில்லியானாவுக்கு உடம்பு சரியில்லை. எழுந்து ஆவலோடு பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. எங்கே ஊர் என்று கணவரைக் கேட்டார். அவர் அங்கங்கே தரையிலிருந்து எழும்பிக்கொண்டிருந்த புகையைக் காட்டி, அதுதான் நிக்கோடிமஸ் என்றார். வில்லியானா அழ ஆரம்பித்துவிட்டார். பிற்காலத்தில் அவரே சொல்லிவைத்த நினைவு இது. அவர் அழுததை அழுததாகவே சொல்லியிருப்பதால்தான் எனக்கு இந்தப் பெண்மணியைப் பிடிக்கும்.

புகை வந்தது வீடுகளிலிருந்து. மரம் இல்லாத நாடு, எதை வைத்துக் கட்டுவது? மேட்டுச் சரிவில் குகை மாதிரி தோண்டி உள்ளே போனார்கள். முன்பக்கம் மட்டும் சுவர். புல்லும் வேரும் மண்ணுமாகப் பின்னிக் கிடக்கும் தரையைச் செங்கல் போலப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கினால் சுவர். மேலே ஆற்றங்கரையில் கிடைத்த கட்டைகளைப் பரப்பி, சுள்ளி போட்டு, அதன்மேலும் அதே புல்பாளம். மூலையில் அடுப்பு, அதன் குழாய் மட்டும் தரைக்கு மேலே தலை நீட்டும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வெறும் புல்வெளி, நடுவே புகை. மழை பெய்தால் கூரை ஒழுகும், நின்ற பிறகும் ஒழுகும். பாம்பும் எலியும் அழையாத விருந்தாளிகள். ஆனால் வெளியே பனிக்காற்று வீசும்போது மண்ணுக்குள் கதகதப்பு. அதற்காகவே பிழைத்துக் கிடந்தார்கள்.

முதல் குளிர்காலத்தை எப்படித் தாண்டினார்கள்?

வந்து சேர்ந்தது செப்டம்பர். விதைக்கும் பருவம் போயிருந்தது. ஏர் இல்லை, இழுக்கக் குதிரை இல்லை; அடுத்த வசந்தத்திலும் பலர் மண்வெட்டியாலும் கொத்தாலும்தான் நிலத்தைக் கிளறினார்கள். நூற்றாண்டுகளாகக் கலப்பை படாத புல்வெளி அது, வேர் இறுகிக் கிடக்கும். ஒருவர் நாள் முழுக்கக் கொத்தினாலும் நம் வீட்டு வாசல் அளவு திறந்தால் அதிகம்.

விறகுக்கு வழி? காட்டெருமைகள் விட்டுப்போன காய்ந்த சாணம். வறட்டி என்றே சொல்லிவிடலாம், தட்டாத வறட்டி. காய்ந்த சூரியகாந்தித் தண்டும் எரித்தார்கள். காட்டெருமைகள் துப்பாக்கிக்காரர்களிடம் கூட்டங்கூட்டமாகச் செத்து எலும்பாகக் கிடந்தன. அந்த எலும்பைப் பொறுக்கி விற்றால் கொஞ்சம் காசு. உரத் தொழிலுக்கு அது போகும். ஆண்கள் ரயில் பாதை வேலைக்குத் தூர ஊர்களுக்கு நடந்தார்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்களும் உண்டு.

அந்த முதல் குளிர்காலத்தில் வேட்டை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சி கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்பது ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி. இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. ஓசேஜ் மக்களைக் கான்சஸிலிருந்து வெளியேற்றித் தெற்கே தள்ளி அப்போது சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அரசு "காலி நிலம்" என்று ஹோம்ஸ்டெட்டுக்குக் கொடுத்தது இப்படி ஆட்களை அப்புறப்படுத்திக் காலியாக்கிய நாட்டில்தான். நிலம் பறிபோனவர்கள், நிலமே இல்லாமல் இருந்து முதல் தடவையாக நிலம் பெற்றவர்களுக்குச் சோறு போட்டார்கள்.

அந்தக் குளிர் முற்றுவதற்கு முன்னாலேயே ஊரில் ஒரு குழந்தையும் பிறந்துவிட்டது. எம்மா வில்லியம்ஸ் நிறைமாதமாக நடந்து வந்தவர். ஊரின் முதல் பிள்ளை ஹென்றி பிறந்தது ஒரு மண்குழி வீட்டில்.

இவர்கள்தான் "எக்ஸோடஸ்டர்" என்பவர்களா?

அடிக்கடி குழப்பிக்கொள்ளும் விஷயம். எக்ஸோடஸ்டர் என்ற பெயர் 1879ல் மிசிசிப்பி, லூசியானா பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கில் கான்சஸுக்குக் கிளம்பியவர்களுக்குச் சொல்வது. நிக்கோடிமஸ்காரர்கள் இரண்டு வருடம் முன்னதாக, குழுவாகத் திட்டமிட்டு வந்தவர்கள். எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள் வெளியேறிய கதையைச் சொல்லும் பைபிளின் யாத்திராகம (எக்ஸோடஸ்) நினைப்பு இருவருக்கும் பொது.

பிறகு ஊர் வளர்ந்ததா?

நன்றாகவே. ஃபிளெட்சர் தம்பதியைச் சொன்னேனே, அஞ்சல் நிலையம் அவர்கள் கையில்தான் தொடங்கியது. ஜென்னிதான் ஊரின் முதல் ஆசிரியையும். ஜக்கரி 1880 வாக்கில் செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டலையும் குதிரை லாயத்தையும் ஆரம்பித்தார். பக்கத்தில் சுண்ணாம்புக்கல் கிடைத்ததால் மண்குழியிலிருந்து கல் வீட்டுக்கு ஏறினார்கள். 1880களின் நடுவில் இரண்டு பத்திரிகைகள்: 1886ல் "வெஸ்டர்ன் சைக்ளோன்", 1887ல் "நிக்கோடிமஸ் என்டர்பிரைஸ்". சில நூறு பேர் இருக்கும் ஊருக்கு இரண்டு பத்திரிகை! வங்கி, கடைகள், தேவாலயங்கள், பேஸ்பால் குழு, பேண்டு வாத்தியம் எல்லாம் இருந்தன. கடைக்காரர்களில் வெள்ளையர்களும் உண்டு.

அரசியலில் யாராவது வந்தார்களா?

எட்வர்ட் மெக்கேப். 1878ல் சிகாகோவிலிருந்து வந்தார். கிரஹாம் கவுண்டி 1880ல் முறைப்படி அமைந்தபோது அதில் எழுத்தராக வேலை பார்த்தார். 1882ல் கான்சஸ் மாநிலத்தின் தணிக்கை அதிகாரியாகத் தேர்தலில் ஜெயித்தார்; 1884ல் மறுபடியும். மாநிலம் முழுக்க வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பதவியில் கான்சஸில் உட்கார்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர். பிறகு ஓக்லஹோமாவுக்குப் போய் லாங்ஸ்டன் என்ற ஊர் உருவாகக் காரணமாக இருந்தார்.

ரயில் வராததால்தான் ஊர் அழிந்ததா?

பாதி உண்மை. முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

1880களில் மேற்குக் கான்சஸில் ரயில் வந்த ஊர் பிழைக்கும், வராத ஊர் சாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. விளைந்த கோதுமையை மாட்டு வண்டியில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டினால் வண்டிக்கூலிக்கே விலை சரியாகிவிடும். மிசௌரி பசிபிக் கம்பெனி இந்த வழியாகப் பாதை போடலாம் என்றது. ரயில் கம்பெனிகள் சும்மா வராது. ஊர் பணம் கொடுக்க வேண்டும். 1887ல் நிக்கோடிமஸ் டவுன்ஷிப் மக்கள் வாக்களித்து 16,000 டாலர் கடன் பத்திரத்துக்குச் சம்மதித்தார்கள். பத்து வருடத்துக்கு முன் ஒரு டாலரை நாலு தவணையில் கட்டியவர்கள்! பத்திரிகைகள் குதித்தன. மனை விலை ஏறியது, புதுக் கட்டடங்கள் எழுந்தன.

மிசௌரி பசிபிக் வரவில்லை. 1888ல் யூனியன் பசிபிக் பாதை போட்டது, ஆனால் சாலமன் ஆற்றுக்குத் தெற்கே. நிக்கோடிமஸிலிருந்து தென்மேற்கே பத்து கிலோமீட்டருக்குள்தான் தூரம். அங்கே ரயில்காரர்கள் போட்ட முகாம் போக் என்ற ஊர் ஆனது. நிக்கோடிமஸ் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். சிலர் கடையைப் பெயர்த்து, கட்டடத்தோடு ஆற்றைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனார்கள். பைபாஸ் போட்ட பிறகு பழைய கடைத்தெரு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். இங்கே கடைத்தெருவே எழுந்து நடந்து போனது.

சரி, மற்ற பாதி. கடைக்காரர்கள் போனார்கள், விவசாயிகள் போகவில்லை. அவர்களுக்கு நிலம் இருந்தது, பட்டா இருந்தது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நிக்கோடிமஸ் சுற்றுவட்டாரம் உயிரோடுதான் இருந்தது. 1907ல் பாப்டிஸ்ட் தேவாலயத்தைப் பெரிதாகக் கட்டினார்கள், 1918ல் புதுப் பள்ளிக்கூடம். செத்துப்போன ஊர் இப்படியா செலவு செய்யும்? பெரிய அடி விழுந்தது 1930களில். மழை பொய்த்து, உழுத மேல்மண் புழுதிப் புயலாகப் பறந்த வருடங்கள், கூடவே உலகப் பொருளாதார மந்தம். டிராக்டர் வந்ததும் பத்துக் குடும்பம் உழுத நிலத்தை ஒரு குடும்பம் உழ முடிந்தது. பிள்ளைகள் டென்வருக்கும் டொபீகாவுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் வேலைக்குப் போனார்கள். 1953ல் அஞ்சல் நிலையம் மூடப்பட்டது.

இது நிக்கோடிமஸின் தனிக்கதையும் இல்லை. ரயில் வந்த ஊர்களும் அந்தப் பக்கம் இதே வேகத்தில் இளைத்தன. ரயிலை மட்டும் வில்லனாக்கும்போது அந்த ஐம்பது வருட உழைப்பு கதையிலிருந்து விழுந்துவிடுகிறது. எனக்கு அதில்தான் வருத்தம்.

இதைப் பேய் ஊர் என்று சில பட்டியல்களில் பார்த்தேனே?

காலி வீடுகளைப் படம் பிடிக்கக் கிளம்புகிறவர்கள் போடும் பட்டியல். ஆள் இருக்கும் ஊரை அப்படிச் சொல்வது அங்கே இருப்பவர்களுக்குப் பிடிக்காது, நமக்கும் பிடிக்க வேண்டியதில்லை. முதலில் வந்த குடும்பங்களின் வாரிசுகள் கையில் இன்னும் அங்கே நிலம் இருக்கிறது.

வருடாவருடம் திருவிழா நடக்கிறதாமே?

ஜூலை கடைசி வாரக் கடைசியில். இப்போது அதை ஹோம்கமிங் என்கிறார்கள், பழைய பெயர் விடுதலை விழா. 1878 முதலே கொண்டாடுகிறார்கள் என்பது ஊர் வழக்கு. வேலைக்காக எங்கெங்கோ போன குடும்பங்கள் அந்த மூன்று நாளுக்கு வந்துவிடும். பதினான்கு பேர் ஊரில் நூற்றுக்கணக்கானவர்கள். ஊர்வலம், ஆராதனை, பார்பிக்யூ, தாத்தா பாட்டி பெயரைச் சொல்லி "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று விசாரிப்பது. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கோயிலுக்கு எல்லாக் கிளையும் வந்து கூடும் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்காது.

தேதியில் ஒரு சுவாரசியம். முன்பு இந்த விழா ஆகஸ்ட் 1ஐ ஒட்டி நடந்தது. அமெரிக்க அடிமை முறையோடு அந்தத் தேதிக்குத் தொடர்பில்லை. பிரிட்டிஷ் பேரரசின் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை ஒழிப்புச் சட்டம் அமலுக்கு வந்த நாள் 1834 ஆகஸ்ட் 1. அதை அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் விடுதலைக்கு முன்பிருந்தே கொண்டாடி வந்தார்கள். அதே சட்டத்தின் மறுபக்கம் நம்மைத் தொடுகிறது. பிரிட்டிஷ் காலனிகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் இல்லாமல் போன இடத்தை நிரப்பத்தான் மொரீஷியசுக்கும், பிறகு கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். கான்சஸ் புல்வெளியில் பேண்டு வாசித்துக் கொண்டாடப்பட்ட ஒரு தேதி, தமிழர்கள் சிலர் பாய்மரக் கப்பல் ஏறியதற்கும் காரணம்.

ஊரிலிருந்து புகழ்பெற்றவர் யார்?

வெரில் ஸ்விட்சர். 1932ல் இங்கே பிறந்தார். அமெரிக்கக் கால்பந்தில் 1954ல் கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் முறை வைத்து எடுத்தபோது கிரீன் பே பேக்கர்ஸ் அணி அவரை முதல் சுற்றிலேயே, மொத்தத்தில் நான்காவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. பின்னாளில் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழக நிர்வாகத்தில் பணியாற்றினார். ஊர் நிலத்தை விட்டுவிடவில்லை. 2022ல் காலமானார்.

மண்குழி வீடுகளை இப்போது பார்க்க முடியுமா?

வீடாகப் பார்க்க முடியாது. கூரை போய், சுவர் சரிந்து, புல் மூடி, எல்லாம் மறுபடி தரையோடு தரை. ஊரை அடுத்த தாமஸ் ஜான்சன், ஹென்றி வில்லியம்ஸ் பண்ணையில் அகழாய்வு செய்திருக்கிறார்கள். ஊரின் முதல் பிள்ளையான அதே ஹென்றிதான். தாத்தா ஜான்சனின் நிலம் பேரன் ஹென்றிக்கு வந்தது. கென்டக்கியில் ஜான்சன் குடும்பத்தின் வேர், அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ரிச்சர்ட் எம். ஜான்சனின் தோட்டத்தில் இருக்கிறது. அவர் அடிமைகளை வைத்திருந்தவர். குடும்பப் பெயரும் அவருடையது. பட்டா மட்டும் இவர்களே சம்பாதித்தது.

தரைக்கு மேலே நிற்கும் பழைய கட்டடங்கள் ஐந்து: இரண்டு தேவாலயங்கள், பள்ளிக்கூடம், ஃபிளெட்சரின் ஹோட்டல், டவுன்ஷிப் ஹால். கடைசியாகச் சொன்னது 1939ல் அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லால் கட்டியது. பஞ்சத்தில் கூலியும் கிடைத்தது, ஊருக்கு ஒரு மண்டபமும் கிடைத்தது.

போய்ப் பார்க்கலாமா? சாப்பாடு, பெட்ரோல் கிடைக்குமா?

தாராளமாகப் போகலாம். ஹோம்கமிங் சமயத்தில் போனால் பேச ஆள் கிடைக்கும். மற்ற நாளில் காற்றும் கோதுமையும்தான். பூங்காத் துறை ஆட்களைக் கேட்டால் கட்டடங்களைப் பற்றிச் சொல்வார்கள். வீடுகள் தனியார் சொத்து, வாசலில் நின்று படம் எடுக்காதீர்கள். பெட்ரோல், சாப்பாடு, தங்குமிடம் எல்லாவற்றுக்கும் மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் கவுண்டித் தலைநகருக்குப் போக வேண்டும். அது முறையாகப் பதிவான ஊர், மேயர் உண்டு. பெயர் ஹில் சிட்டி. ஆமாம், அதே ஹில்.